ஆள் நிரம்பாத வேன்

"இந்தப் பயணத்தக் குலைச்சவன் எவனோ, அவன் நல்லா இரிக்க மாட்டான்!"

கச்சிமுகம்மது வாசல் கடப்படியில் நின்று போட்ட சத்தத்தில் கல்முனைக்குடியில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

பின்னே என்ன? வானத்துக்குப் போய்ச் சுற்றித் திரிந்து, வேலை ஓய்ந்துபோன விண்கலம் ஒன்று வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் ஒரு மியூசியத்துக்கு வந்து சேருகிறது. கப்பலில் வந்ததைப் பெரிய லொறியில் ஏற்றி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிக் கொண்டு போகிறார்களாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து வாய் திறந்து ஒன்றும் கேட்காத அவர் மனைவி ஸுலைஹா, பேப்பரில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "கிட்ட நிண்டு ஒருக்காப் பார்க்கணும்" என்று கேட்டுவிட்டாள்.

சைக்கிளில் புடவைப் பொட்டணி கட்டித் தெருத் தெருவாய் விற்று, பிறகு பசாரில் கடை போட்ட மனிசன் அவர். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வழி நெடுக எத்தனை செக்பொயின்றில் இறங்கி ஏறினாலும் சரி என்று பாண்டிருப்பு ஜீவராஜின் வேனைப் பிடித்தார். அவன் சொன்ன வாடகையை அவன் அழுகிற மட்டுக்கும் வெட்டினார். அக்கம் பக்கத்தாரைச் சேர்த்து ஆள் நிரப்பினார். அதற்குப் பிறகுதான் கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், ஒருவரும் வரவில்லையாம்!

முதலில் மீன்பிடிகாரன் மசூர் வீடு. இவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன்.

"ஏன்டா மசூர், நீயுமா வரல்ல?"

"வலை கிழிஞ்சி கிடக்கு காக்கா. பொத்தணும்."

"போன கிழமதானேடா புது வலை எறக்கினாய்?"

மசூர் தலையைச் சொறிந்தான். "ஓம் காக்கா. அந்தப் புது வலைதான் கிழிஞ்சிற்று."

அடுத்தது காலிதீன் வீடு.

"பொஞ்சாதிக்குக் காய்ச்சல் மச்சான். பாய விட்டு எழும்பேலாமக் கிடக்கா."

சொல்லி வாய் மூடவில்லை. அந்தக் காய்ச்சல்காரி பாயையும் தலகணியையும் கக்கத்தில் இடுக்கி, மற்றக் கையில் சோத்துச் சட்டியோடு விறுவிறுவென்று வெளியே போனாள்.

"எங்கடா போறா?"

"காத்து வாங்க."

"பாயோடயா?"



கச்சிமுகம்மதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்வீட்டிலும் ஒரு பாய் உருட்டிக் கட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ரெண்டு. எவரைக் கேட்டாலும் ஒரு நொண்டிச் சாட்டு.

பிறகு பொறி தட்டிற்று. ஓகோ! நம்மளக் கழட்டி விட்டுப்போட்டு வேற வேன் பேசியிரிக்கானுகள். பாய், தலகணி, சோறு எல்லாம் வழிப்பயணத்துக்குத்தான்!

வீட்டுக்கு ஓடி வந்தார்.

"புள்ள, இவனுகள் வந்தா என்ன, வராட்டி என்ன? நான் உன்னத் தனியக் கூட்டிற்றுப் போறன்."

"வேணாம்."

"என்னது வேணாம்?"

"விண்கலம் வேணாம். நான் வரல்ல."

அவருக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. அந்தப் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறவளா இப்படிச் சொல்கிறாள்?

"ஆரு உன்ர மனச மாத்தின?"

"சொன்னாக் கேப்பீங்களா? இறக்காமத்துல..."

"அந்த ஊர்ப் பேரு இந்த வூட்டுல கேக்கப்படாதெண்டு எத்தின தரம் சொல்லியிரிக்கேன்!"

 மூலையில் நின்ற பாயை எடுத்து ஸுலைஹாவும் கக்கத்தில் இடுக்கினாள். சொல்லிக் கொள்ளாமல் படி இறங்கினாள்.

கச்சிமுகம்மது செருப்பும் போடாமல் பின்னால் நடந்தார். சந்து சந்தாய் ரெண்டு ஒழுங்கை தாண்டி அவள் ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்தாள். அவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

தங்கச்சி சுபைறாவுக்குச் சீதனமாக அவரே கல் சுமந்து கட்டிக் கொடுத்த வீடு. அவர் பேசிய மாப்பிள்ளையை வேண்டாமென்று, இறக்காமத்து வயல்காரன் ஒருவனை அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மண்ணை அவர் மிதித்ததில்லை. அவள் பேரை எடுத்தவன் தன் படி ஏறக்கூடாது என்று ஊருக்கே சட்டம் போட்டிருந்தார். சமாதானம் பேச வந்த பள்ளி மரைக்காரைக்கூட வாசலோடு அனுப்பியவர்.

கடப்படிக்கு வெளியே மசூர் மீன் கோர்வையோடு நின்றான். காலிதீன் விறகுக் கட்டை இறக்கி வைத்தார். ரெண்டு பேரும் உள்ளே போகவில்லை.

"என்னடா நடந்த?"

 ஸுலைஹா திரும்பி வந்தாள்.

"நீங்க கொழும்புல நிக்கக்குள்ள சுபைறாட மாப்பிள மௌத்தாப் போனாரு. வயலுக்குள்ளயே நெஞ்சு வலி. அவ நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம இத்தா இரிக்கா. தனிய விடேலாதெண்டு பொம்புளையள் முறை வெச்சி வந்து படுக்கிறம். உங்களுக்கு முன்னால அவட பேரச் சொல்லப் பயந்துதான் இந்தப் பாவங்கள் புது வலையக் கிழிச்ச, சுகமாயிரிந்தவளுக்குக் காய்ச்சல் வர வெச்ச."

 

உள்ளே யாரோ விம்முவது கேட்டது. ஸுலைஹா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பாயை மறுகைக்கு மாற்றினாள்.

"பயணத்தக் குலைச்சவன் எவனெண்டுதானே தேடித் திரியிறீங்க? ஆளக் கண்டாச் சொல்லுங்க. இத்தா இரிக்கிற வூட்டுக்குள்ள அந்நிய ஆம்பிளை கால் வைக்கேலா. அவளுக்கு வாப்பாவும் இல்ல, ஆம்பிளப் புள்ளயும் இல்ல. உள்ள போய்ப் பக்கத்துல இரிந்து அவட தலையத் தடவக்கூடிய ஆம்பிளை இந்த ஊருலயே ஒருத்தன்தான். வானத்துக்குப் போன சாமானே திரும்பி வந்திற்று. ரெண்டு ஒழுங்கைக்கு அங்கால இரிக்கிற அவன இண்டைக்காவது வரச் சொல்லுங்க!"