ஊதாத தோசை

கொடைக்கானலில் சீசன் கூட்டம். ஓட்டலில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் இடத்துக்காகக் காத்து நின்றது. கைகள் சொன்னபடி கேட்காத தன் வளர்ந்த மகனுக்குப் பொற்கொடி தோசையை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். தன் தட்டை அவள் தொடவேயில்லை.

"இன்னும் ரெண்டு வாய்தாங்க, எழுந்துர்றோம்," என்றாள் பின்னால் நின்ற பெண்ணிடம்.

"அவசரமில்லக்கா. உங்க தோசை ஆறிப்போச்சே."

அந்தப் பெண் சர்வரைக் கூப்பிட்டுச் சூடாக ஒரு தோசை கேட்டாள். பிறகு கை கழுவி வந்து பொற்கொடியின் மகன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, ஆ காட்டுங்க."

அம்மா கையில் மட்டுமே வாங்குகிறவன் அவளையே பார்த்தான். மெல்ல வாயைத் திறந்தான்.

புதுத் தோசை வந்தது. நாக்கு பொத்துப்போகிற சூடு. பொற்கொடி அதை ஊதாமல் தின்றாள்.