படிவத்தில் இல்லாதது

"இங்க யாராவது கத்தினா என்ன பண்ணுவீங்க?"

கணக்கெடுக்க வந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் மேலாளருக்குச் சுருக்கென்றது.

அது பெரியவர்களுக்கான பகல் பராமரிப்பு மையம். காலையில் வீட்டார் கொண்டுவந்து விடுவார்கள், வேலை முடிந்து சாயங்காலம் அழைத்துப் போவார்கள். நாடு முழுக்க இப்படி எத்தனை மையங்கள், அவற்றில் எத்தனை பேர் என்று அரசாங்கம் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மொத்தம் எத்தனை பேர்? முப்பத்தொன்று. மறதி நோய்? பன்னிரண்டு. சக்கர நாற்காலி? நாலு. அம்மாள் மளமளவென்று குறித்துக்கொண்டாள். இருபத்தெட்டுக் கேள்வி முடிந்த பிறகுதான் தோண்ட ஆரம்பித்தாள்.

"கத்தினா பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்குவோம் மேடம். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்," என்றாள் மேலாளர்.

"கேட்டதையே நூறு தடவை கேட்டா?"

"நூறு தடவை பதில் சொல்லுவோம்."

"எரிச்சல் வராதா?"

"வராம? வந்தா வேற ஆளை உக்கார வச்சுட்டு, வெளியில போய்க் கொஞ்சம் நின்னுட்டு வருவோம்."

இந்தப் பதில்களுக்கெல்லாம் அம்மாளின் பேனா அசையவே இல்லை. மேலாளர் அதைக் கவனித்துவிட்டாள். மடியில் கனமில்லைதான். ஆனாலும் எழுதாமல் கேட்கிறவரைக் கண்டால் யாருக்கும் லேசாக உதறத்தான் செய்யும். எவராவது புகார் கொடுத்திருப்பார்களோ?

கூடத்தில் ஒரு பெரியவர் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி இரண்டடி பின்னால் கூடவே நடந்தாள். அம்மாள் வேலையை மறந்து அவர்களையே பார்த்தாள்.

"அவரை உக்கார வைக்க மாட்டீங்களா?"

"உக்கார மாட்டார். அவர் நடந்தா நாங்களும் நடப்போம். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கால் விட்டுப் போயிடும்."

"கை ஓங்கறவரா இருந்தா? சேத்துக்குவீங்களா?"

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. மேசை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து இந்தப் படிவம் போன வாரமே தபால்ல வந்துடுச்சு. பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிச்சு வச்சிருக்கேன். மொத்தம் இருபத்தெட்டுக் கேள்வி. நீங்க முப்பத்து மூணு கேட்டாச்சு. யார் உங்களை வேவு பாக்க அனுப்பினாங்க? நேராவே சொல்லிடுங்க."

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரும் அனுப்பலைங்க. என் வீட்டுக்காரருக்காகக் கேட்டேன். ரெண்டு வருஷமா அவருக்கு மறதி. இதோட பதினேழு மையம் பாத்துட்டேன், எல்லா இடத்துலயும் கேட்டேன். எரிச்சல் வரும்னு உண்மையைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

மேலாளருக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

"மனசுல வச்சுக்காதீங்க மேடம். இங்க ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

அம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

"நாளைக்கு எதுக்குங்க, இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அவரை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் கணக்கெடுக்க வந்திருக்கேன்."