சமையக்கட்டுக்கு ஒரு மீட்டர்

"எம் புருசனுக்கு எம்மேல நம்பிக்கையே இல்லண்ணே!"

சர்ச்சு முடிஞ்சு ஊட்டுக்கு வந்திருந்த ராபின் அண்ணன்கிட்ட பொறுக்க முடியாம கொட்டிட்டேன். எண்ணெய்க் கப்பல்ல எம் புருசன் ஸ்டீபனோட ஒண்ணா வேல பாத்தவரு. ஸ்டீபன் அப்பதான் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தாரு.

"இன்னா பண்ணான் விக்டோரியா?"

"கப்பல்ல சட்டையில மாட்டிக்குவீங்களே, விஷவாயு வந்தா கத்துற மீட்டரு... அதுமாதிரி ஒண்ணு வாங்கியாந்து, தெனமும் அடுப்பு பத்த வெக்கிறதுக்கு முன்னாடி சிலிண்டர்கிட்ட காட்டுறாரு. கேட்டா, 'பழக்கம்'ங்கிறாரு. நான் கேஸ ஒழுங்கா மூடமாட்டேன்னுதானே அர்த்தம்? எம் மாமியார்கூட இப்டி என்னைப் பேஜார் பண்ணதில்ல!"

சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல.

"அவன் உங்கிட்ட சொல்லவே இல்லியா?"

"இன்னாத்த?"

"பதினோரு வருசம் ஆச்சும்மா. ரெண்டு பேரும் டேங்க்ல எறங்கியிருந்தோம். என் மீட்டர் ஆஃப் ஆயிடுச்சு. தன்னோடத கழட்டி என் சட்டையில மாட்டிட்டு, 'நீ ஏறு, சாமானெல்லாம் எடுத்துகினு பின்னாலயே வரேன்'னான். பாதி ஏணியில மீட்டர் கத்துச்சு. அவன மயக்கமாதான் தூக்குனாங்க. உசுரு திரும்புச்சு, மூக்கு திரும்பல. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் அவனுக்கு ஒண்ணுதான். கேஸ் லீக்கானா தனக்குத் தெரியாதேன்னு பயம். உம்மேல சந்தேகம் இல்லம்மா."



அந்தக் காலத்துல கப்பல்லேர்ந்து போன் பண்ணா, "உன் மீன் கொழம்பு வாசன இங்க வரிக்கும் வருதுடி"ம்பாரு. "புளுகு மூட்ட!"ன்னு சிரிப்பேன். கடல் வேலைய உட்டு, இங்க சிப்காட்ல சேந்தப்புறமும் ஒரு ஞாயித்துக்கெழம அத சொல்லத் தவறுனதில்ல. அந்த ஒரு வார்த்தைக்காகவே பழவேற்காட்டு மடவை மீனா தேடித்தேடி வாங்குவேன்.

வாசக்கதவு தெறந்துச்சு.

"அடடா! தெருமொனையிலயே மூக்கத் தொளைக்குதுடி உன் கொழம்பு!"

ராபின் அண்ணன் தலையக் குனிஞ்சுக்கினாரு.

நான் முந்தானையில கண்ணத் தொடச்சுக்கினு எழுந்தேன்.

"ஆமாங்க, இப்பதான் எறக்கி வெச்சேன். கொஞ்சம் ஆறட்டும், அண்ணங்கூட பேசிக்கினு இருங்க."

உள்ள போயி, மீட்டர எடுத்து நானே சிலிண்டர்கிட்ட காட்டினேன்.

அப்புறம்தான் மீன் பையையே பிரிச்சேன்.