கடைசியாகக் கையைத் தூக்கும்போது

கோயம்புத்தூரில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தினமும் காலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவை திரையில் தெரியும் அவரவர் பிள்ளைகளின் முகங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முகத்தையும் குரலையும் ஒருமுறை பதிந்து கொடுத்தால் போதும், மற்றதைத் திரை பார்த்துக்கொள்ளும்.

ரங்கநாயகியின் திரையில் மகன் நந்தகோபால் வருவான். "மெதுவா கழுத்தைத் திருப்பும்மா. வலிச்சா விட்டுரு" என்பான். கடைசியாக இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்வான். உயர்த்திவிட்டால், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று மறைந்துவிடுவான்.

அதனால் ரங்கநாயகி அந்தக் கடைசிப் பயிற்சியை மட்டும் செய்வதே இல்லை. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பான். பணிப்பெண் ஜெசிந்தா மதியச் சாப்பாட்டோடு வந்து திரையை அணைக்கும்வரை அவர் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு நந்தகோபால் நேரிலேயே வந்தான். திரையில் இருப்பவனைவிட நரைத்திருந்தான். நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, "அம்மா, நான்தாம்மா. கையைக் குடு" என்றான்.

ரங்கநாயகி இரு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டார்.

"நெஜமாவே உங்க பையன் வந்திருக்காருங்கம்மா" என்றாள் ஜெசிந்தா.

"தெரியுது கண்ணு" என்றார் ரங்கநாயகி, அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல். "கையைத் தூக்குனா போயிருவான்."

அன்று சாயங்காலமே அவனுக்கு விமானம். அதைச் சொல்லாமல் நந்தகோபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.