கொலுசு போட்டவள்

கூட்டில் ஆண் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

எழிலரசி மறுபடி ரெஃப்ரெஷ் செய்தாள். டயல்-அப் காலம் அது. படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வானம், மரத்தின் உச்சி, சுள்ளிகள், ஆண். அவ்வளவுதான்.

"வரலியா?" கல்லாவிலிருந்து மஸ்தான் பாய் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க பாய்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். நடக்கும்போது சட்டைப் பையில் ஏதோ சலங்கென்றது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். கல்லாவில் போட மறந்த சில்லறை என்று அவள் நினைத்திருந்தாள்.

செங்கம் ரோட்டில் இருந்த அந்த பிரவுசிங் சென்டருக்கு மதிய வெயிலில் ஆட்கள் வருவதில்லை. இங்கே மதியம் என்றால் ஸ்காட்லாந்தில் காலை. அங்கே ஓர் ஏரிக்கரை மரத்தில், ஒரு கூட்டுக்கு எதிரே கேமரா கட்டிவைத்திருந்தார்கள்.

மீன் பிடித்துத் தின்னும் கழுகு ஜாதி அது. தமிழில் விராலடிப்பான். விலங்கியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த எழிலரசி, போன வருஷம் அதைத் தேடிக் கண்டுபிடித்து, மூலை சிஸ்டத்தில் யாருக்கும் சொல்லாமல் பார்த்துவந்தாள்.

பாய்தான் அதை ஊரறியச் செய்தார். ரொம்ப நேரமாகப் படம் அசையவில்லை என்று பார்த்துவிட்டு, பட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டார்.

"ஹேங் ஆகலீங்க பாய்... அடை காக்குது."

சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்ற அவர் மனைவி ரஹமத்துன்னிசா சிரித்த சிரிப்பில், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மொஹ்சின் பொறந்தப்ப நானும் இப்டித்தான் நாப்பது நாளு ஒரே எடத்துல உக்காந்திருந்தேன் எழிலு. நல்லவேள, இந்த மனுசன் என் சுச்ச அணைக்கல."

அன்றிலிருந்து அவர் சாப்பாடு கொடுத்ததும் கிளம்புவதில்லை. மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"விரால அடிக்கிறானா? கொழம்புக்கு ஒண்ணு இந்தப் பக்கம் போடச் சொல்லு."

பெண் பறவையின் காலில் ஒரு நீல வளையம் இருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் அடையாளத்துக்கு மாட்டியது என்றாள் எழிலரசி. ரஹமத்துன்னிசா ஒப்புக்கொள்ளவில்லை.

"கொலுசுடி அது. ஒத்தக் கால்ல போட்டுக்கினு என்னா மினுக்கு மினுக்கறா பாரு." சொல்லிவிட்டு, புர்காவுக்குக் கீழே தன் கொலுசுக் காலை நீட்டி ஓர் ஆட்டு ஆட்டுவார்.

ஆடியில் குஞ்சுகள் பறந்தன. பிறகு பெண் ஆப்பிரிக்காவை நோக்கித் தனியாகக் கிளம்பிவிட்டது.

"அவன உட்டுட்டா போயிட்டா?"

"தனித்தனியாத்தாம்மா போவும். பங்குனில இதே கூட்டுக்கு வந்துடும்."

"வரட்டும். நானே கேக்கறேன்."

ஐப்பசியில் ரஹமத்துன்னிசா வருவது நின்றது. கேரியரும் நின்றது. பாய் எதிர் ஓட்டலில் பொட்டலம் வாங்கி, பாதி தின்று, மீதியை மடித்து வைத்தார்.

இப்போது பங்குனி முடிந்து சித்திரையும் பிறந்துவிட்டது.

கடையை மூடிவிட்டு வந்துவிடச் சொல்லி மொஹ்சின் சென்னையிலிருந்து போன் மேல் போன் போட்டான். பாயிடம் ஒரே பதில்தான்.

"அது வரட்டும்டா. பாத்துட்டு வரேன்."

எது வரவேண்டும் என்று மொஹ்சினுக்குப் புரியவில்லை. எழிலரசிக்குப் புரிந்தது. அது வந்தால் கடை மூடும். மூலை சிஸ்டம் போகும். தன் வீட்டில் அடுத்தது மாப்பிள்ளைப் பேச்சுதான். வர வேண்டும் என்றும் இருந்தது, வராமலே இருக்கட்டும் என்றும் இருந்தது.

படித்த படிப்பில் இன்னொன்றும் தெரிந்திருந்தது. பழைய ஜோடி வராவிட்டால் ஆண் ரொம்ப நாள் காத்திருக்காது. அதை மட்டும் அவள் பாயிடம் சொல்லவில்லை.

ரெஃப்ரெஷ் செய்தாள்.

வானம். மரத்தின் உச்சி. இரண்டு தலைகள்.

"பாய்!"

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். ரஹமத்துன்னிசாவின் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். படம் மிச்சத்தையும் இறக்கியது. ஆண் ஒரு மீனை நீட்டிக்கொண்டிருந்தது. பெண் அதை வாங்கக் குனிந்திருந்தது.

எழிலரசி கால்களைப் பார்த்தாள். இரண்டு காலிலும் ஒன்றுமில்லை.

அந்த வளையம் ஆயுசுக்கும் கழலாது. அப்படித்தான் செய்வார்கள்.

"அவதானே?"

இல்லை என்று சொன்னால் இன்னும் காத்திருப்பார். பொட்டலத்தை மடித்து வைப்பார். கடை நடக்கும்.

"அவதாங்க பாய்."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"கால்ல கொலுசக் காணமே."

"கழண்டு உழுந்திருக்கும்." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாய் சட்டைப் பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்ததை வெளியே எடுக்காமல் பிடித்துக்கொண்டார். அது சலங்கென்றது.

"தானா கழலாதும்மா. ஆஸ்பத்திரில நர்சம்மாதான் கழட்டிக் குடுத்தாங்க."

திரையில் இரண்டும் அசையாமல் நின்றன. அவர் சுவிட்சைத் தொடவில்லை.

"மொஹ்சினுக்கு ஒரு போன் போடும்மா," என்றார். "அது வந்துடுச்சுனு சொல்லு."