ஏழு பேர் உட்காரலாம்

இருக்கையை முன்னால் இழுத்தாள். கால் எட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"உயரமான வண்டி மேடம். ரெண்டு நிமிஷத்துல பழகிடும்" என்றார் பக்கத்தில் இருந்த சகாயராஜ். ஷோரூமில் பதினைந்து வருடமாக வண்டி விற்கிறவர். மடியில் ஃபைல் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாரை நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமாங்க. வீட்டுக்கே வண்டி கொண்டு போனேன். நீங்க சாருக்கு..."

"சம்சாரம்."

சகாயராஜ் ஃபைலை மூடினார்.

நேற்று ஷோரூமிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டிருந்தாள். பழைய கார் இவள் பெயரில் வாங்கியது. அங்கே பதிந்திருந்ததும் இவள் எண்தான்.

"சார் ஃபேமிலியோட ஓட்டிப் பார்த்தீங்களே மேடம், பாப்பாவுக்குப் பின் சீட் வசதியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இவளுக்குக் குழந்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவன் கார்வேந்தன் குஜராத்தில், ராஜ்கோட்டில் இருந்ததாகத்தான் இவளுக்குத் தெரியும். பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"வசதியா இருந்துச்சு" என்றாள் இவள். "நான் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கணும்."

இப்போது வண்டியைக் கிளப்பினாள்.

"அந்த வீட்டுக்குப் போகலாம்."

"மேடம், நான் மூணு பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறவன். எனக்கு எதுக்குங்க இந்த..."

"உங்க பேரு எங்கயும் வராது. வழி மட்டும் சொல்லுங்க."

சிங்காநல்லூர் தாண்டும்வரை அவர் ஃபைலின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினார். பிறகு ஒண்டிப்புதூரில், இடது என்றார். இருகூரில், வலது என்றார்.

அவள் நிதானமாக ஓட்டினாள். வேகத்தடைகளில் மெல்ல ஏற்றி இறக்கினாள். பதினோரு வருடத்தில் மாமியார் கூட்டிப் போன கோயில்களை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதுக்கு மேல் நினைவு வரவில்லை.

பச்சை கேட். உள்ளே மூன்று சக்கர சைக்கிள்.

ஹாரன் அடித்தாள்.

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. சகாயராஜைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அவரு கடைக்குப் போயிட்டாருங்களே. அதுக்குள்ள வண்டி..."

அப்போதுதான் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இவள் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. வழியெல்லாம் கூர்தீட்டிக்கொண்டு வந்தவை.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"நீங்க... பூங்கொடி அக்காதானுங்க?"

"எப்படித் தெரியும்?"

"நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னாருங்க."

"எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆச்சுன்னு. மஞ்சக்காமாலைன்னு." குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை தவறாம உங்க படத்துக்கு விளக்கு வைக்கிறேனுங்க."

சகாயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்கொடி இறங்கி உள்ளே போனாள். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அவளே இருந்தாள். கல்யாணப் பட்டு. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். மல்லிகை மாலை இன்னும் வாடவில்லை.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெகுநேரம் பார்த்தாள். தயாரித்து வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்கு ஆகவில்லை. எல்லாம் அப்படியே மிச்சமிருந்தன.

"உன் பேரென்ன?"

"கோகிலா."

"துணி மாத்திட்டு வா, கோகிலா. பாப்பாவையும் தூக்கிக்கோ."

படத்தை மாலையோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சகாயராஜ் பின்னால் மாறி உட்கார்ந்தார். குழந்தைக்கு பெல்ட் போட்டுவிட்டார். அது அவருடைய அடையாள அட்டையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. கோகிலா முன்னால் ஏறினாள்.

காந்திபுரம் நெருங்கும்போது கோகிலா சொன்னாள்.

"எங்கிட்ட, கடை சாத்த ராத்திரி ஏழாகும்பாருங்க."

"எங்கிட்ட ஒம்பது" என்றாள் பூங்கொடி.

கார்வேந்தனின் பம்ப்செட் கடைக்கு எதிரே நிறுத்தினாள். படத்தை டாஷ்போர்டின் மேல், வெளியே பார்க்கும்படி சாய்த்து வைத்தாள். மாலையைச் சரிசெய்தாள்.

ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல் இருந்தாள்.

கார்வேந்தன் வெளியே வந்தான். புது வண்டி. முகம் மலர்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தான்.

நடுச்சாலையில் படம் தெரிந்தது.

படத்துக்கு மேலே அதே முகம் தெரிந்தது.

பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்த முகம்.

ஒரு ஆட்டோ அவனைத் திட்டிவிட்டுப் போனது. கடைக்குள்ளிருந்து வேலையாட்கள் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரரும் வாசலுக்கு வந்தார்.

பின் சீட்டிலிருந்து குழந்தை சத்தமாகக் கூப்பிட்டது.

"அப்பா."

தெருவே கேட்டது.

பூங்கொடி கண்ணாடியை இறக்கினாள்.

"வண்டி அருமையா இருக்குதுங்க. ஏழு பேர் தாராளமா உட்காரலாம். அத்தை வீட்லதான் இருக்காங்க, பேத்தியைக் காட்டிட்டு வந்துடலாம். பின்னாடி ஏறுங்க."

அவன் கோகிலாவைப் பார்த்தான். "நீயாவது நான் சொல்றதைக் கேளு" என்றான்.

கோகிலா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பின் கதவின் கைப்பிடியில் கையை வைத்தான்.

டக்கென்று எல்லாக் கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். பூங்கொடியின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. கோகிலாவின் விரல் பூட்டுப் பொத்தானில் இருந்தது.