தானியேலின் விரலுக்கடியில்

அம்பு அசைந்தது.

தமீம் அன்சாரி மூச்சைப் பிடித்துக்கொண்டான். மடிக்கணினியை அவன் தொடவே இல்லை. கட்டிலில் கிடந்த தானியேலின் ஆள்காட்டி விரல் மட்டும்தான் அதன் மேல் இருந்தது.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் இருவரும் ஒரே ஷிப்ட். கிரேன் ஏணியிலிருந்து விழுந்த தானியேலுக்கு இனி நினைவு திரும்பாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கவரப்பேட்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கண் திறந்திருக்கும். எதையும் பார்க்காது.

போன வாரம் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, அந்த ஒரு விரல் தன் உள்ளங்கையை அழுத்துவதைத் தமீம் உணர்ந்தான். சொன்னான். யாரும் நம்பவில்லை.

அதனால்தான் இந்தப் பழைய மடிக்கணினி. அதன் விசைகளுக்கு நடுவே பட்டாணியைவிடச் சிறிதாக ஒரு சிவப்பு ரப்பர் குமிழ். மவுஸ் மாதிரி கையை நகர்த்த வேண்டாம். எந்தப் பக்கம் லேசாக அழுத்தினாலும் திரையில் அம்பு அந்தப் பக்கம் போகும்.

திரையில் ஆங்கில எழுத்துகளை வரிசையாக வரவழைத்திருந்தான். ஓர் எழுத்தின் மேல் அம்பு சற்று நின்றால் போதும், அது பதிந்துவிடும்.

"அண்ணே, நான் பேசறது கேக்குதுன்னா எதுனா எய்து."

அம்பு தடுமாறியது. திரையின் ஓரம்வரை ஓடித் திரும்பியது. ஓர் எழுத்தில் நின்றது.

எஸ்.

"ஒங்க பேருதான் அண்ணி!"

தானியேலின் மனைவி சாராள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவோரம் நின்ற தானியேலின் அண்ணன் ஜோசப், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்தது யூ.

தவறிப் போயிருக்கும் என்றான் தமீம்.

பிறகு என். பிறகு டி.

ஜோசப்பின் ஸ்தோத்திரம் நின்றது.

தானியேலின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. விரல் வெடவெடத்தது. ஆனாலும் குமிழை விடவில்லை. செல்போனில் அனுப்பும் எஸ்எம்எஸ் போல, ஆங்கில எழுத்தில் தமிழ். தமீம் கூட்டிக் கூட்டி வாசித்தான்.

"சண்டே... வேணாம். சண்டே வேணாமாம்." அவன் திரும்பிப் பார்த்தான். "சண்டே இன்னா அண்ணி?"

சாராள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோசப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

முந்தின நாள் சாயங்காலம் இதே கட்டிலின் கால்மாட்டில் நின்றுதான் இருவரும் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், மூக்கில் கஞ்சி போகும் குழாயை எடுத்துவிடுவதென்று.

குரலைக்கூட அவர்கள் தாழ்த்தவில்லை.